ஏலம் முடிந்தது; எண்ணெய் வழிகிறது!

ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்! முடிந்தது ஏலம்!

நாற்பது ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் நின்று, ஆலைக்கு ஆற்றலும் ஊருக்கு ஒளியும் வயலுக்கு நீரும் வழங்கிய மின்மாற்றி, டிரான்ஸ்பார்மர் என்று ஊரார் அழைக்கும் அந்த இரும்புப் பெட்டி, இப்போது ஓய்வு பெறுகிறது. பழுதாகிவிட்டதோ, தேவைக்கு மிஞ்சிவிட்டதோ, ஆலை உரிமையாளர் அதைக் கைகழுவ விரும்புகிறார். பழம்பொருள் வாணிகர் கைநீட்டி வாங்குகிறார். விற்றவர் கணக்கிலே வரவு. வாங்கியவர் கணக்கிலே இலாபம். உடைப்பவன் உடலிலே என்ன ஏறிற்று? அந்தப் பத்தியைத்தான் எந்தக் கணக்கேட்டிலும் காணோம், தோழர்களே!

மறுசுழற்சி என்று இதற்குப் பெயர். நல்ல பெயர், நல்ல வேலையுங்கூட. கிழிந்த சேலையைத் தைத்துத் தூளியாக்கிய தாய்மார்களின் நாடு இது. தேய்ந்த பாத்திரத்திற்கு ஈயம் பூசி மூன்று தலைமுறை சோறாக்கிய நாடு இது. பழையதைப் பாழாக்காதே என்று நமக்கு எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. மின்மாற்றியின் வயிற்றிலே செம்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. மெல்லிய எஃகுத் தகடுகளை அடுக்கிய நடுவுடல் இருக்கிறது. அவற்றை மண்ணில் புதைப்பது மடமை. உருக்கினால் புதிய கம்பி. செப்பனிட்டால் சிறு தொழிலகத்திற்கு மலிவு விலையில் மின்மாற்றி. சுரங்கத்தைத் தோண்டிப் பாறையை உருக்கிப் பெறும் செம்பைவிட, பழையதிலிருந்து மீட்கும் செம்பு சிக்கனமானது. இதை மறுப்பார் எவருமில்லை.

ஆனால் அந்தப் பெட்டிக்குள்ளே செம்பும் எஃகும் மட்டுமா இருக்கின்றன? எண்ணெய் இருக்கிறதே! வெப்பத்தைத் தணிக்கவும், மின்சாரம் தாவாமல் தடுக்கவும் ஊற்றப்பட்ட எண்ணெய். பெரும்பாலான பெட்டிகளில் அது கனிம எண்ணெய். பழைய பெட்டிகள் சிலவற்றிலோ, எண்ணெய் என்ற பெயரிலே ஒரு நஞ்சு குடியிருக்கிறது. பாலிகுளோரினேட்டட் பைபினைல் என்பது அதன் முழுப்பெயர், பி.சி.பி. என்பது சுருக்கம்.

1929இல் அமெரிக்காவில் வாணிக அளவில் உற்பத்தியான இந்தப் பொருளைத் தொழில் உலகம் தலைமேல் வைத்துக் கொண்டாடிற்று. எளிதில் தீப்பற்றாது என்றார்கள்; உண்மை. எளிதில் சிதையாது என்றார்கள், அதுவும் உண்மை. எந்தக் குணத்திற்காகப் பாராட்டினார்களோ அந்தக் குணமே பகையாயிற்று! பெட்டிக்குள் சிதையாதது மண்ணிலும் சிதையவில்லை. மீனின் கொழுப்பிலும் சிதையவில்லை. மீனைத் தின்ற மனிதனின் கொழுப்பிலும், அவன் மனைவியின் தாய்ப்பாலிலும் சிதையவில்லை. 1979இல் அமெரிக்கா இதன் உற்பத்தியைத் தடை செய்தது. 2013இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம், மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது ஐயத்திற்கிடமின்றித் தெளிவான பொருள்களின் வரிசையிலே இதைச் சேர்த்தது.

இங்கே ஒருவர் எழுந்து கேட்கிறார்: “ஐயா, என் மின்மாற்றியின் தகட்டிலே கனிம எண்ணெய் என்றுதானே பொறித்திருக்கிறது? எனக்கேன் இந்த வம்பு?”

நல்ல கேள்வி. தகடு பொய் சொல்லவில்லை. பெட்டி ஆலையிலிருந்து வந்த நாளின் உண்மையைச் சொல்லுகிறது. அதற்குப் பின் நடந்ததைத் தகடு அறியாது. மின்மாற்றியின் எண்ணெயை அவ்வப்போது வடிகட்டித் தூய்மை செய்வார்கள். அதற்கான இயந்திரம் இன்று ஓரிடம், நாளை வேறிடம் என்று செல்லும். நேற்று நஞ்சுள்ள பெட்டியைத் தூய்மை செய்த அதே குழாய், இன்று நல்ல பெட்டியிலே வாய் வைத்தால், நஞ்சு அங்கும் குடியேறுகிறது. எண்ணெயை ஒருமுறை மாற்றிவிட்டால் போதுமா? போதாது. சுருளைச் சுற்றிய காகிதமும் மரக்கட்டையும் குடித்துவைத்த நஞ்சு, புதிய எண்ணெயிலே மெல்ல மெல்லக் கசியும். பி.சி.பி. நீரைவிடக் கனமானது, தனி நஞ்சாயின் நீரில் அமிழ்ந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும். கனிம எண்ணெயிலே சிறிதளவு கலந்துவிட்டாலோ, அது மிதக்கும். மணமும் நிறமும் காட்டிக்கொடா. சோதனைச் சாலை ஒன்றே அதைக் கண்டுசொல்லும். பத்து இலட்சத்தில் ஐம்பது பங்கு இருந்தாலே அது நஞ்சு கலந்த எண்ணெய் என்று உலக நாடுகள் பலவற்றின் சட்டங்கள் கோடு கிழித்திருக்கின்றன. ஐம்பது பங்கு! கண்ணால் காண்பார் எவர்? நாவால் அறிவார் எவர்?

காணாமல் விட்டால் என்ன நேரும்? கற்பனை வேண்டாம். நடந்ததைச் சொல்லுகிறேன்.

பெல்ஜியம் நாடு, 1999 சனவரி. மின்மாற்றி எண்ணெய், பயன்படுத்தி முடித்த கொழுப்போடு கலந்துவிட்டது. அந்தக் கொழுப்பு கால்நடைத் தீவனத்திற்குப் போயிற்று. கலந்த பி.சி.பி. ஏறத்தாழ 50 கிலோ. ஒரு நெல் மூட்டையின் எடைகூடத் தேறாது. அது கெடுத்த தீவனமோ ஏறத்தாழ 500 டன்! அத்தீவனம் சென்ற பண்ணைகளோ 2500க்கும் மேல்! கோழிகள் வீங்கின, முட்டைகள் குறைந்தன, இட்ட முட்டைகளும் பொரிக்கவில்லை. கோழி பேசாது, ஆனால் கோழி காட்டிய குறியை ஆட்சி பேசியிருக்கலாமே! மக்களுக்குச் செய்தி எட்டியது மே மாத இறுதியில். அதுவரை சந்தையிலே முட்டை விற்றது, இறைச்சி விற்றது, குழந்தைகள் உண்டன.

மக்கள் கொதித்தார்கள். சூன் முதல் நாள் உழவுத்துறை அமைச்சரும் நலத்துறை அமைச்சரும் பதவி விலகினார்கள். சூன் 13 பொதுத் தேர்தல். பிரதமர் ழான் லுக் தெகேனின் ஆட்சி சாய்ந்தது. 1958க்குப் பிறகு முதன்முறையாகக் கிறித்தவ சனநாயகக் கட்சியினர் இல்லாத அரசு அந்நாட்டில் அமைந்தது. வீழ்ச்சிக்கு வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். எனினும், வாக்குச் சாவடிக்குச் சென்ற பெல்ஜிய மக்களின் மனத்திலே முட்டையும் கோழியும் இருந்தன என்பதை மறுக்க முடியாது. மின்மாற்றியில் வடித்த எண்ணெய் வழுக்கி அமைச்சரவையே விழக்கூடும், தோழர்களே! ஆள்வோர் இதை மறக்கலாம், நாம் மறக்கலாகாது.

“அது கவனக்குறைவு. உரிமம் பெற்ற நிறுவனத்திடம் ஒப்படைத்தால் இவ்விதம் நேருமா?” என்று அடுத்த கேள்வி வருகிறது. அதற்கும் விடை உண்டு. செர்மனியின் டோர்ட்மண்ட் நகரத் துறைமுகத்தில், என்வியோ என்றொரு நிறுவனம். பி.சி.பி. கலந்த பழைய மின்மாற்றிகளைப் பிரித்துத் தூய்மை செய்து உலோகம் மீட்பதே அதன் தொழில். உரிமம் உண்டு, செர்மனியின் ஒழுங்கும் ஒழுக்கமும் உலகறிந்தவை. விளைந்தது என்ன? 2010இல் தொழிலாளரின் குருதியைச் சோதித்தபோது பி.சி.பி. மிகுந்திருந்தது. வேறொருவரிடம் கூலி பெற்று அங்கே வேலை செய்த ஒப்பந்தத் தொழிலாளரின் குருதியிலும் இருந்தது. அதனினும் கொடுமை, வேலை உடையிலே ஒட்டிய தூசு வீடு சென்றது. குடும்பத்தார் குருதியிலும் நஞ்சு தென்பட்டது. சுற்றுப்புறத் தோட்டங்களில் விளைந்த கீரையை உண்ணவேண்டாமென்று மக்களுக்கு எச்சரிக்கை விடுத்தார்கள். ஆண்டின் நடுவிலே ஆலையை மூடினார்கள். 2012இல் வழக்கு விசாரணை தொடங்கிற்று. 2017இல், நிறுவனத் தலைவர் மீதான வழக்கு, பணம் கட்டச் சொல்லி முடித்துவைக்கப்பட்டது.

தலைவருக்குப் பணத்தோடு முடிந்தது. தொழிலாளிக்கு? கொழுப்பிலே குடியேறிய நஞ்சுக்கு எந்த நீதிமன்றம் வெளியேற்ற ஆணை பிறப்பிக்கும்?

செர்மனியிலே, சட்டமும் சோதனைச் சாலையும் மருத்துவமும் கைக்கெட்டும் தொலைவில் இருந்த நகரிலே, இது நடந்தது. அங்கே குருதியைச் சோதித்ததால் தெரிந்தது. சோதிக்காத இடத்தில் நஞ்சு இல்லை என்று பொருளா? சோதனை இல்லை என்பது மட்டுமே பொருள்!

இனி நம் நாட்டுக்கு வருவோம். இந்தியாவில் பி.சி.பி. உற்பத்தி செய்யப்படவில்லை, உண்மை. ஆனால் அது நிரம்பிய மின்மாற்றிகளும் மின்தேக்கிகளும் வெளிநாட்டிலிருந்து வந்தன. நிலைத்த கரிம மாசுகள் குறித்த ஸ்டாக்ஹோம் ஒப்பந்தம் 2001இல் உருவாயிற்று. 2004இல் நடைமுறைக்கு வந்தது. 2006இல் இந்தியா அதை ஏற்றது. பி.சி.பி. உள்ள கருவிகளின் பயன்பாட்டை 2025க்குள் ஒழிப்பது, கழிவை 2028க்குள் தீங்கின்றி அழிப்பது என்பன அதன் கெடுக்கள். 2016இல் நடுவண் அரசு தனி ஆணையொன்று பிறப்பித்தது. உற்பத்திக்கும் இறக்குமதிக்கும் தடை. பயன்பாட்டுக்கு 2025 டிசம்பர் 31 எல்லை.

ஆணையைக் குறை கூறவில்லை. வந்தது நன்று. ஆனால் கெடு விதித்தவர்கள் ஒன்றை எண்ணிப் பார்த்தார்களா? பயன்பாட்டை நிறுத்து என்றால், நிறுத்தப்பட்ட பெட்டி எங்கே போகும்? வானத்திற்கா பறக்கும்? ஏலத்திற்கு வரும், பழைய இரும்புக் கிடங்குக்குப் போகும். பூட்டிய கம்பி வேலிக்குள், பொறியாளர் கண்காணிப்பில் நின்ற பெட்டி, சுத்தியலும் உளியும் மட்டுமே அறிந்த கூலியாளின் காலடிக்கு வரும். கெடு நெருங்க நெருங்க, கழித்துவிடும் அவசரம் பெருகும். ஆலைக்குள் இருந்தவரை அது உடைமை. வாயிலைத் தாண்டியதும் அநாதை. நஞ்சை ஒழிக்க எழுதிய ஆணை, நஞ்சை இடம் மாற்றும் ஆணையாக முடியலாமா?

அந்தக் கூலியாள் என்ன செய்வான்? செம்பைப் பிரிக்க எண்ணெயை வடிப்பான்; வடித்தது மண்ணில் ஊறும். கம்பியைச் சுற்றிய காகிதத்தை எரிப்பான். 1100 டிகிரிக்கு மேல் கனலும் உலையிலே எரிக்கவேண்டியதைத் திறந்தவெளித் தீயிலே எரித்தால், பி.சி.பி.யினும் கொடிய டையாக்சின்களும் பியூரான்களும் புகையாய் எழும். வயிற்றுப் பிழைப்புக்கு வந்தவன் அவன். அவனைக் குற்றவாளியாக்குவது எளிது. அவன் கையிலே அந்தப் பெட்டியைத் திணித்தவரைக் கேட்பதுதான் அரசியல்.

“சோதனைக்குச் செலவாகுமே! விலை ஏறுமே! தொழில் நலியுமே!” என்று புலம்புவார்கள். சோதனைச் செலவு எங்கும் மறைந்துவிடவில்லை, அன்பர்களே! நீங்கள் கட்டாத கட்டணத்தைக் கூலியாளின் ஈரலும், அவன் வீட்டுப் பிள்ளையும் கட்டுகிறார்கள். நாற்பது ஆண்டு அந்தப் பெட்டியின் பயனை நுகர்ந்தவர், அதன் இறுதிச் சடங்குச் செலவை ஏற்பதுதானே முறை? அதிக விலை கொடுப்பவனுக்கே பெட்டி என்பது ஏலத்தின் நெறி. எண்ணெயை முறைப்படி அழிப்பவனுக்கு அதற்கென்று செலவு உண்டு. ஆகவே அவன் குறைத்துத்தான் கேட்பான். சாக்கடையில் ஊற்றுபவனுக்குச் செலவில்லை; அவன் கூட்டிக் கேட்பான். ஆக, ஏலத்தில் வெல்பவன் எவன்? ஒழுங்கானவனைத் தோற்கடித்து ஊரைக் கெடுப்பவனுக்குப் பரிசளிக்கும் ஏலத்தை, வாணிகத் திறமை என்று பாராட்ட நம்மால் இயலாது.

ஆகவே நாம் கேட்பவை நான்கு. முதலாவது, மின்வாரியமாயினும் தனியார் ஆலையாயினும், ஒவ்வொரு பெட்டியின் எண்ணெயையும் சோதித்து, முடிவை அப்பெட்டியின் மீதே ஒட்டிய பிறகுதான் ஏலம். இரண்டாவது, நஞ்சு கண்ட பெட்டி ஏலத்திற்கே வரலாகாது. விற்றவர் பொறுப்பு வாயிலோடு முடியலாகாது, எண்ணெய் அழிந்ததென்று சான்று வரும்வரை அவர் தலைமேலேயே இருக்கவேண்டும். மூன்றாவது, வடித்த எண்ணெய்க்குத் துளிவரை கணக்கு. எங்கிருந்து வந்தது, எங்கே சென்றது என்று எவரும் கேட்டுப் பார்க்கக்கூடிய பதிவேடு. நான்காவது, உடைக்கும் தொழிலாளியின் பெயர் ஏட்டிலே இருக்கவேண்டும். ஒப்பந்தக் கூலியாயினும் குருதிச் சோதனை, மருத்துவம், கையுறை, குளிக்க நீர், வேலை உடையைத் தொழிலிடத்திலேயே விட்டுச் செல்லும் வசதி, இவை அவனுக்கு உரிமையாக வேண்டும்.

வானத்து மதியையா கேட்கிறோம்? எடைத்தட்டிலே செம்பை வைப்பவர்கள், மறுதட்டிலே மனிதனையும் வையுங்கள் என்கிறோம்!

தோழர்களே! உங்கள் ஊர் எல்லையிலே பழைய இரும்புக் கிடங்கு இருக்கும். அங்கே செல்லுங்கள், மிரட்டுவதற்கு அல்ல, உழைப்பவனோடு உட்கார்ந்து பேசுவதற்கு. அவனுக்குத் தெரியாததைச் சொல்லுங்கள். அவன் சொல்லுவதைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஊராட்சிக் கூட்டத்திலே கேள்வி எழுப்புங்கள். மின்வாரியத் தொழிற்சங்கத்திலுள்ள நண்பர்களிடம், கழித்த பெட்டிகளின் சோதனைத் தாளைக் காட்டும்படி கேளுங்கள். நம் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு எழுதுங்கள்: இத்தனை பெட்டிகள் ஏலம் போயின என்கிறார்களே, எத்தனை பெட்டிகளின் எண்ணெய் சோதிக்கப்பட்டது? இந்த ஒரு கேள்விக்கு மன்றத்திலே விடை வரட்டும்.

விடை வரும்வரை விடாது கேட்போம்! ஊருக்கு ஒளி தந்த பெட்டி, உடைப்பவன் வீட்டிலே விளக்கை அணைக்க விடமாட்டோம்!