மறைக்காமல் சொல்லுங்கள், டாக்டர்!

ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர், காலையில் பிணமாகக் கிடக்கிறார். பிரேதப் பரிசோதனையிலும் காரணம் பிடிபடுவதில்லை. வலிப்பு நோய் உள்ள வீடுகளில் நடக்கும் கொடுமை இது. "தலைவிதி" என்று அழுது ஓய்ந்து விடுகிறார்கள்.

தலைவிதி அல்ல! வலிப்பு உள்ள பெரியவர்களில் 1,000 பேருக்கு ஒருவர் வீதம் ஆண்டுதோறும் இப்படித் திடீரெனச் சாகிறார்கள்.

சிலருக்குக் காரணம் ஜீனில் இருக்கிறது. 'டிராவெட்' என்ற கடுமையான வலிப்பு உள்ள குழந்தைகளுக்கு 'எஸ்.சி.என்.1ஏ' என்ற ஜீன் பழுதாகி இருப்பதை 2001-ல் பெல்ஜியம் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். இந்தக் குழந்தைகளுக்குத் திடீர் மரண ஆபத்து மிக அதிகம். மற்றவர்களுக்குக் கேட்கும் கார்பமாசெபைன் மாத்திரை, இவர்களுக்கு வலிப்பைக் கூட்டிவிடும். ரத்தம் எடுத்து ஜீனைப் பார்த்தால் அந்தத் தவறைத் தடுக்கலாம்.

பெற்றவளைப் பழிப்பவர்கள் கவனிக்கட்டும்: இந்தப் பழுது பெரும்பாலும் தாய், தகப்பனிடமிருந்து வருவதல்ல. குழந்தையிடம் புதிதாக ஏற்படுவது.

கை, கால் வெட்டி இழுக்கும் வலிப்பு அடிக்கடி வந்தால் ஆபத்து கூடும். அதை அடக்குவது மாத்திரைதான். கையில் திணிக்கும் சாவிக்கொத்து அல்ல! மாத்திரையை ஒரு வேளைகூட விடக் கூடாது. ராத்திரியில் பக்கத்தில் ஆள் படுப்பது நல்லது.

ஆபத்தை நோயாளிகளிடம் சொல்லிவிடும்படி 2017-ல் அமெரிக்க நரம்பியல் டாக்டர்கள் அமைப்பு கூறிவிட்டது. "பயந்து விடுவார்கள்" என்று இங்கே மறைப்பது ஏன்?

பயந்தவன் மாத்திரையை ஒழுங்காகப் போடுவான். தெரியாதவன் என்ன செய்வான்?