கோழை என்று சொல்லாதீர்கள்

"தற்கொலை பண்றவன் கோழை." டீக்கடையில் சொல்கிறார்கள், வகுப்பில் சொல்கிறார்கள், துட்டி வீட்டு வாசலில் நின்றுகொண்டும் சொல்கிறார்கள். சொன்னவர் பெரிய தைரியசாலி ஆகிவிடுகிறார். அதே கூட்டத்தில் அதே நினைப்போடு நிற்கும் ஒருவன், இனி யாரிடமும் வாய் திறக்கக் கூடாது என்று முடிவு செய்கிறான். என் சண்டை இந்த வசனத்தோடுதான்.

2022-ல் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்ததாகத் தேசிய குற்ற ஆவணக் காப்பகம் சொல்கிறது. தமிழ்நாட்டில் மட்டும் 19,834. நாடு முழுக்க இறந்தவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் தினக்கூலி. வெயிலில் நின்று குடும்பத்தைச் சுமந்தவர்களுக்கு நாம் தரும் பட்டம் கோழையா?

"சாகணும்னு முடிவு பண்ணினவனை யாராலும் தடுக்க முடியாது" என்பது அடுத்த வசனம். இதுவும் பொய். அமெரிக்காவில் கோல்டன் கேட் பாலத்தில் 1937 முதல் 1971 வரை தடுத்து நிறுத்தப்பட்ட 515 பேரைப் பற்றி ரிச்சர்ட் சைடன் என்பவர் ஆராய்ந்தார். பல ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது சுமார் 94 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், அல்லது இயற்கையாக இறந்திருந்தார்கள். சாக வேண்டும் என்ற எண்ணமும் பிழைக்க வேண்டும் என்ற ஆசையும் ஒரே மனசுக்குள் ஒரே நேரத்தில் இருக்கும். நம்ம கரிசல் மாதிரிதான். கோடையில் மேலே வெடித்துக் கிடக்கும், தோண்டினால் அடியில் ஈரம் இருக்கும்.

"அப்படி ஆசை இருந்தால் ஏன் சாகிறார்கள்?" என்று கேட்பீர்கள். அந்த ஆசை ஜெயிக்க நேரம் வேண்டும். நெருக்கடியின் உச்சம் பெரும்பாலும் சில நிமிடங்களோ சில மணி நேரமோதான். அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் ஆபத்து இருந்து, பேச ஆள் இல்லாமல் போனால் உயிர் போகிறது. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் பருத்தியும் மக்காச்சோளமும் போடும் வீடுகளில் பூச்சிமருந்து எங்கே இருக்கிறது? வீட்டுக்குள்ளேயே. இலங்கை 1990-களின் நடுவில் மிகக் கொடிய பூச்சிமருந்துகளைத் தடை செய்தது, பிறகு தடையை விரிவாக்கியது. இருபது ஆண்டுகளில் தற்கொலை விகிதம் சுமார் 70 சதவீதம் குறைந்தது. அங்கே போர் இருந்தது, வறுமை இருந்தது, கடனும் இருந்தது. திடீரென்று எல்லோரும் வீரர்களாகிவிட்டார்களா? இல்லை, அவர்களுக்கு நேரம் கிடைத்தது. நம் காட்டுமன்னார்கோயில் பகுதியில் பூச்சிமருந்தை ஊர்ப் பொதுவில் பூட்டி வைக்கும் முறையைச் செய்து பார்த்தார்கள். கரிசல் கிராமங்களில் அதை ஏன் செய்யக் கூடாது?

"வெளியே சொன்னா போலீஸ் கேஸ் ஆயிரும்" என்று ஆஸ்பத்திரிக்கே கூட்டிப்போகாமல் மறைக்கும் வீடுகள் உண்டு. 2017 மனநலச் சட்டம், முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. பழைய 309-வது பிரிவு 2024 ஜூலை 1-ல் வந்த புதிய குற்றவியல் சட்டத்தில் இல்லை. அரசு ஊழியரைப் பணிய வைக்கச் செய்யும் முயற்சி மட்டும்தான் இப்போது குற்றம். சட்டமே மாறிவிட்டது, நம்ம வாய்தான் மாறவில்லை.

நண்பன் ஒருத்தன் பேச்சு சரியில்லை என்று தோன்றினால் நேராகக் கேளுங்கள்: "செத்துரலாம்னு தோணுதாடா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்க ஒருத்தராவது இருக்கிறார் என்றுதான் தெரியும். உபதேசம் வேண்டாம். "உன்னைவிடக் கஷ்டப்படறவன் இல்லையா?" வேண்டவே வேண்டாம். பக்கத்தில் உட்காருங்கள், ஆபத்தான பொருளை அப்புறப்படுத்துங்கள், தனியாக விடாதீர்கள், அரசு மருத்துவமனைக்குக் கூடவே போங்கள்.

இதைப் படிப்பவர்களில் அந்த நினைப்போடு இருப்பவருக்கு ஒரு வார்த்தை. இத்தனை நாள் தாக்குப்பிடித்த நீங்கள் கோழை இல்லை. இன்றைக்கு ஒரே ஒரு ஆளிடம் சொல்லுங்கள். வீட்டில் முடியாவிட்டால் 14416-ஐ அழையுங்கள். இலவசம், 24 மணி நேரமும், தமிழிலேயே பேசலாம். 104-ம் உண்டு. 1986-லிருந்து சென்னையில் இயங்கும் சினேகாவின் எண் 044-24640050. உதவி கேட்பது தோல்வி இல்லை. உள்ளே இருக்கும் அந்த ஈரம்தான் கேட்கிறது. அதைக் கேட்க விடுங்கள்.