தூண்டில் மடல்கள்



மீன் பிடிப்பவர் வெறும் முள்ளை நீரில் இடுவதில்லை. இரையைக் கோத்தே இடுவார். மீன் காண்பது இரையை. அதனைப் பற்றுவது முள். மின்னஞ்சல் வழியே நிகழும் ஏமாற்றும் இத்தன்மையதே. மீன்பிடித்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் ஒலியை ஒட்டியே அதற்கு ‘ஃபிஷிங்’ எனப் பெயர் அமைந்தது. நாம் அத்தகைய மின்னஞ்சலைத் ‘தூண்டில் மடல்’ எனலாம்.

“படிப்பறிவு இல்லாதவரே இதில் சிக்குவர், கணினி அறிந்த நமக்கு அச்சமில்லை” என உங்களுள் சிலர் எண்ணக்கூடும். அவ்வெண்ணம் தவறு என்பது என் கருத்து. லித்துவேனிய நாட்டவர் ஒருவர், 2013 முதல் 2015 வரை, தைவான் நாட்டுக் கணினிக் கருவி நிறுவனம் ஒன்றின் பெயரால் போலி மின்னஞ்சல்களையும் கட்டணப் பட்டியல்களையும் அனுப்பினார். கூகுள், ஃபேஸ்புக் ஆகிய நிறுவனங்கள் அவற்றை நம்பி, 10 கோடி டாலருக்கும் மேற்பட்ட தொகையைச் செலுத்திவிட்டன. 2019-இல் அமெரிக்க நீதிமன்றம் அவருக்கு 5 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. உலகிற்கே மின்னஞ்சல் வசதி அளிக்கும் நிறுவனமே ஏமாந்தது எனில், கணினி அறிவு மட்டும் காவலாகாது என்பது தெளிவு.

பின் எது காவல்? நிதானமான வாசிப்பே காவல் என்பேன். தூண்டில் மடல் நம்மை நின்று படிக்க விடாது. ‘இன்றிரவு உங்கள் வங்கிக் கணக்கு முடக்கப்படும்’ என அச்சுறுத்தும். ‘வருமான வரித்தொகை உங்களுக்குத் திரும்பக் கிடைக்கவுள்ளது’ என ஆசை காட்டும். ‘கல்வி உதவித்தொகை பெற இன்றே கடைசி நாள்’ என விரைவுபடுத்தும். அச்சமோ ஆசையோ எழுந்தவுடன் கண் எழுத்துகளைத் தாவிச் செல்லும். ஏமாற்றுவோர் எதிர்பார்ப்பது அத்தாவலையே.

தமிழில் ரகரமும் துணைக்காலும் ஏறத்தாழ ஒரே வடிவின. சொல்லை முழுமையாகப் படிப்பதால் நாம் இடறுவதில்லை. ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் ‘ஆர்’, ‘என்’ இரண்டும் நெருங்கி நின்றால் ‘எம்’ போலத் தோன்றும். சுழியம் ‘ஓ’ போலத் தோன்றும். இவ்வொப்புமையைக் கொண்டே போலி முகவரிகள் பல அமைக்கப்படுகின்றன.

மேலும், இணைய முகவரி யாருக்கு உரியது என்பதை அறிய, அதன் முதல் ஒற்றைச் சாய்கோட்டிற்கு முன்னுள்ள பகுதி எவ்வாறு முடிகிறது என்று நோக்க வேண்டும். நம் நாட்டு வங்கிகள் தம் தளங்களை ‘பேங்க்.இன்’ என முடியும் முகவரிக்கு மாற்றுமாறு இந்திய ரிசர்வ் வங்கி 2025-இல் பணித்தது. அரசுத் தளங்கள் பெரும்பாலும் ‘கவ்.இன்’ என முடியும். இம்முடிவுக்குப் பின்னும் புள்ளியிட்டு வேறொரு பெயர் தொடருமாயின், அத்தளம் வேறொருவருடையது என அறிக.

அனுப்புநர் பெயரையும் முகவரியையும்கூடப் போலியாக எழுத இயலும். ஆதலின், ஐயம் தோன்றினால் மடலிலுள்ள இணைப்பைத் தொடாமல், வங்கியின் செயலியையோ, பற்று அட்டையின் பின்புறம் அச்சிட்ட தொலைபேசி எண்ணையோ நாடுதல் வேண்டும். முன்பின் அறியாதவர் இணைத்தனுப்பிய கோப்பைத் திறத்தல் கூடாது. கடவுச்சொல்லையும் ஓடிபி எண்ணையும் கேட்கும் மடல் எதுவாயினும் அதற்கு விடை எழுதலாகாது.

இதனை உங்களிடம் வற்புறுத்தக் காரணம் உண்டு. தமிழ்நாட்டிற்கு வெளியே வாழும் நம் வீடுகள் பலவற்றில், ஆங்கிலத்திலும் இந்தியிலும் வரும் மடல்களைப் பாட்டிக்கும் தாத்தாவுக்கும், சிலவேளை அம்மாவுக்கும், படித்துப் பொருள் கூறுவோர் நீங்களே. “என்ன எழுதியிருக்கு, கண்ணு?” என்று கேட்பவர் உங்கள் விடையை அப்படியே நம்புகின்றார். எனவே பொருள் கூறுவதோடு நின்றுவிடாதீர்கள். “இதை அனுப்பியது யார் என்று முதலில் பார்ப்போம், பாட்டி, அப்பாவிடம் கேட்டபின் தொடுவோம்” என்று சொல்லும் துணிவும் உங்களுக்கு வேண்டும்.

எத்துணை விழிப்புடன் இருப்பினும் ஒருநாள் ஒருவர் தவறக்கூடும். அன்று அவரை எள்ளி நகையாடுவது பெருந்தீங்கு. ஏச்சுக்கு அஞ்சுபவர் நடந்ததை மறைப்பார். அவர் மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் திருடருக்கே ஆதாயம். ரிசர்வ் வங்கி 2017-இல் வெளியிட்ட விதி, இரகசிய எண்ணை வாடிக்கையாளரே பிறருக்குத் தந்திருப்பினும், வங்கிக்கு அறிவித்தபின் நேரும் இழப்பை வங்கியே ஏற்க வேண்டும் என வகுத்தது. அறிவிக்கும்வரை நேர்ந்த இழப்பு அவருடையது என்றும் அது கூறியது. 1930 என்னும் தேசிய உதவி எண்ணை உடனே அழைத்தால், பணம் பல கைகள் மாறுமுன் அதனை நிறுத்தி வைக்கவும் வாய்ப்புண்டு. ஆகவே, தவறியவர் அஞ்சாமல் வாய்திறக்கும் வீடே பாதுகாப்பான வீடு.

இன்று மாலை ஒரு தாளில் 1930 என்ற எண்ணையும், உங்கள் குடும்பத்தின் வங்கி எண்ணிய உதவித் தொலைபேசி எண்ணையும் எழுதுங்கள். அவற்றின் கீழே, ‘தவறு நேர்ந்தால் உடனே சொல்லுங்கள், யாரும் திட்டமாட்டோம்’ என எழுதி, அனைவர் கண்ணிலும் படுமாறு சுவரில் ஒட்டுங்கள். அதனைத் தமிழில் எழுதுங்கள், பாட்டியும் படிக்கட்டும்.