பார்க்க ஆளில்லாததை மொழியோடு கொடுக்கலாமா?

இணையதள நிரல்மொழியான பிஎச்பியின் 8.4 பதிப்பு 2024 நவம்பரில் வெளிவந்தபோது, அதுவரை மொழியோடு சேர்ந்தே வந்துகொண்டிருந்த நான்கு நீட்சிகள் அதில் இல்லை. அஞ்சல் பெட்டியைத் திறக்கும் ஐமேப், எழுத்துப்பிழை பார்க்கும் பிஸ்பெல், ஆரக்கிள் தரவுத்தளத்துக்கான இரண்டு ஆகியவை பெக்கிள் களஞ்சியத்துக்குப் போய்விட்டன. வேண்டுபவர் தனியாக நிறுவிக்கொள்ள வேண்டும்.

நீக்கியது சரி. அடி யார்மேல் விழும் என்று தெரிந்தே இதைச் சொல்கிறோம். கண்ணமங்கலம் போன்ற ஊரில் பள்ளிக்கும் அரிசி மண்டிக்கும் இணையதளம் செய்துகொடுத்துப் பிழைக்கும் இளைஞர், மலிவான பொது சர்வரில் நினைத்ததை நிறுவ முடியாது. பதிப்பு மாறிய அன்று தளம் படுத்தால் வாடிக்கையாளரிடம் பேச்சு வாங்குவதும் அவர்தான்.

ஆனாலும் வைத்திருப்பது அதைவிடக் கொடுமை. ஐமேப் நீட்சி சாய்ந்திருந்த சி-கிளையண்ட் நூலகத்தைக் கவனிக்க ஆளில்லை. அஞ்சல் சர்வரின் பெயரைக் கேட்கும் இடத்தில் ஒருவர் சூழ்ச்சியாகக் கட்டளையைச் சேர்த்து எழுதினால், நூலகம் அதை ஆர்எஸ்எச் என்ற தொலைக் கட்டளைக் கருவி வழியே ஓடவிட்டுவிடும் என்பது 2018இல் அம்பலமானது. பெயர் கேட்ட கட்டத்தின் வழியே சர்வரே கைமாறிவிடும்! அந்த ஓட்டையை பிஎச்பி குழுவினர்தான் தங்கள் பக்கத்தில் அடைத்தார்கள். குறியாக்கத்துக்கான எம்கிரிப்ட் இன்னும் மோசம். அதன் நூலகம் 2007க்குப் பின் புதுப்பிக்கப்படவே இல்லை. மொழியை விட்டு அது வெளியேறியதோ 2017இல், 7.2 பதிப்பில். பத்தாண்டுக் காலம் மக்கள் தங்கள் ரகசியங்களை அதை நம்பிப் பூட்டினார்கள். மொழியோடு வருகிறதென்றால் யாரோ பொறுப்பேற்றிருக்கிறார்கள் என்றுதானே எவரும் எண்ணுவார்?

முன்கூட்டிச் சொல்லிவிட்டு நீக்குவதே நேர்மை. பைதான் மொழி அப்படித்தான் செய்தது: 2022இல் 3.11 பதிப்பில் எச்சரித்து, 2024 அக்டோபரில் 3.13இல் 19 தொகுதிகளை எடுத்தது.

குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியவர்கள் வேறு. இந்த இலவச நிரல்களை வைத்துக் கோடிகளில் தொழில் நடத்திக்கொண்டு, அவற்றைப் பழுதுபார்க்க ஒருவருக்கும் சம்பளம் தராத நிறுவனங்கள். இணையதள ஒப்பந்தப்புள்ளியில் பராமரிப்புக்குப் பணம் ஒதுக்காத அரசுத் துறைகள். பிஎச்பியை உருவாக்குபவர்களுக்குச் சம்பளம் தரும் பிஎச்பி அறக்கட்டளையே 2021இல்தான் பிறந்தது. அதற்கு நன்கொடை கொடுக்க யாருக்கும் தடையில்லை. பயன் பெறுபவர்கள் இந்த ஆண்டு வரவுசெலவிலேயே அதற்கொரு தொகையை எழுதட்டும்.