மேளத்துக்கு மட்டும் காசில்லை!

விருதுநகரிலிருந்து சிவகாசிக்குப் போகும் சாலையில், ஆமத்தூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் அம்மன் கோவில் பொங்கல் நெருங்கிவிட்டால், விழாக் கமிட்டிக்காரர்கள் ரசீதுப் புத்தகமும் கையுமாகப் புறப்பட்டு விடுவார்கள். வசூலுக்கென்றே நம்மவர்கள் ஒரு தனி முகபாவம் வைத்திருக்கிறார்கள். பாதி பக்தி, பாதி கண்டிப்பு. அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. வசூலான பணம் எந்த வரிசையில் செலவாகிறது என்பதில்தான் என் ஆட்சேபமெல்லாம்.

பந்தல்காரருக்கு முன்பணம். ஒலிபெருக்கிக்காரருக்கு முன்பணம். சீரியல் விளக்குக்கு முன்பணம். சினிமாப் பாட்டுப் பாட வரும் வெளியூர் இன்னிசைக் குழுவுக்கு, மூன்று மாதத்துக்கு முன்பே வீடு தேடிப் போய் அச்சாரம். நையாண்டி மேளத்துக்கு? 'வெற்றிலை பாக்கு வைத்தாயிற்று; அவர்கள் நம் பக்கத்து ஆட்கள்தானே, முடிந்ததும் பார்த்துக் கொள்ளலாம்.' முடிந்ததும் பார்த்தால் பெட்டி காலியாக இருக்கும். பேசிய தொகையில் ஒரு பகுதியைக் குறைத்துக்கொண்டு, 'அம்மன் உங்களுக்கு ஒரு குறையும் வைக்கமாட்டாள்' என்று ஓர் ஆசீர்வாதத்தையும் சேர்த்துக் கொடுத்து அனுப்பி வைப்பார்கள். குறை வைத்தது அம்மனா?

இது ஆமத்தூர்ப் பக்கத்துக்கு மட்டும் உரிய பெருமை என்று சொல்லவில்லை. தென்பாண்டிச் சீமை முழுவதிலும் இந்தக் கணக்கு வழக்கு இருக்கிறது. ஆனால் பட்டாசும் தீப்பெட்டியும் செய்து பிழைக்கும் இந்தக் கரிசல் பூமியில் அது அதிகமாக உறுத்துகிறது. ஏனென்றால் இங்கே வசூலாகும் ஒவ்வொரு ரூபாயும் மருந்து வாசனையோடு வருகிற ரூபாய். திரி கிள்ளியும், குழாய் உருட்டியும், உயிரைப் பணயம் வைத்து மருந்து செலுத்தியும் பெற்ற வாரக் கூலியிலிருந்து எடுத்துக் கொடுத்த ரூபாய்.

தலைக்கட்டு வரி என்று ஓர் ஏற்பாடு நம் கிராமங்களில் நெடுங்காலமாக உண்டு. குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஊர் கூடி நிர்ணயிக்கும்; ஆலைக்குச் சொந்தக்காரருக்கும் அந்த ஆலையில் கூலி வேலை செய்கிறவனுக்கும் ஒரே தொகை. இதிலுள்ள நயத்தைக் கவனியுங்கள். வரி கொடுத்த ஒவ்வொருவனுக்கும் விழா சொந்தம். ஆகவே குறை சொல்லவும் பாத்தியதை உண்டு. 'ராத்திரி இரண்டாவது நாயனம் சரியில்லையே' என்று டீக்கடையில் உட்கார்ந்து அவன் தீர்ப்புச் சொல்லலாம். அந்தத் தீர்ப்புக்குப் பயந்துதான் நாயனக்காரரும் வாசித்தார். மயிலாப்பூர் சபாவில் முன்வரிசை டிக்கெட் வாங்கியவருக்கு உள்ள அதே உரிமை, வரி ரசீது வைத்திருந்த கூலிக்காரனுக்கும் இருந்தது.

இன்று வரி ஒரு சடங்குக்கு நடக்கிறது. பெரிய செலவுகளை உபயதாரர்கள் எடுத்துக் கொள்கிறார்கள். உபயதாரர் வந்ததும் என்ன நேர்ந்தது? கரகாட்டம் உச்சத்துக்கு ஏறிக் கொண்டிருக்கும். தவிலும் பம்பையும் ஒன்றையொன்று துரத்திக் கொண்டு ஓடும். உறுமி அடிவயிற்றைப் பிசையும். அந்தக் கணம் பார்த்து மைக்கில் ஒரு குரல், 'சற்று நிறுத்துங்கள், நமது விழாவுக்கு வாரி வழங்கிய வள்ளல் வருகை தந்திருக்கிறார்' என்று அறிவிக்கும். மேளம் நிற்கும். பொன்னாடை வரும். போட்டோ எடுப்பார்கள். கால் மணி நேரம் கழித்து 'உம், ஆரம்பிக்கலாம்' என்பார்கள். அறுந்த இடத்திலிருந்து சங்கீதத்தை ஆரம்பிக்க முடியுமா? அது என்ன குழாய்த் தண்ணீரா, மூடித் திறக்க?

வாசகர்களில் பலர் இதைப் படித்துவிட்டுச் சிரிப்பீர்கள். ஆனால் சென்னையிலோ பெங்களூரிலோ உத்தியோகத்தில் இருந்து கொண்டு ஊர்க் கோவிலுக்குப் பணம் அனுப்புகிறவர்கள் நீங்கள்தாம். 'அலங்கார வளைவில் அப்பா பெயரைப் போடுங்கள்' என்று எழுதுகிறவர்களும் நீங்கள்தாம். 'இந்தத் தொகை நாயனக்காரருக்கும் தவில்காரருக்கும்' என்று குறிப்பிட்டு அனுப்பியவர் எத்தனை பேர்?

'ஜனங்கள் சினிமாப் பாட்டைத்தானே கேட்கிறார்கள்?' என்று கமிட்டித் தலைவர் கேட்பார். கேட்கட்டும், எனக்கும் பிடிக்கும். நையாண்டி மேளக்காரர்களே நேயர் விரும்பிய சினிமா மெட்டை நாயனத்தில் குழைத்துக் கொடுக்கிறார்கள். சண்டை ரசனையைப் பற்றியது அல்ல. யாருக்கு முதலில் பணம் என்பதைப் பற்றியது.

அமெரிக்காவில் 'புளூகிராஸ்' என்று ஒரு சங்கீதம் இருக்கிறது. கென்டக்கி மாநிலத்துக் கிராமத்தில் 1911-இல் பிறந்த பில் மன்றோ என்பவர் நடத்திய குழுவின் பெயரிலிருந்து வந்த பெயர் அது. பாஞ்சோ, பிடில், மாண்டலின், கிதார். நாட்டுப்புறத்துக் குடியானவர்களின் வாத்தியங்கள். அவற்றிலும் பாஞ்சோ, ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டு வரப்பட்டவர்கள் உருவாக்கியது. பட்டணத்து வானொலிகளில் புதுப் பாட்டு மோகம் பெருகி இந்தச் சங்கீதம் நசித்துக் கொண்டிருந்தபோது, 1965-இல் வர்ஜீனியாவில் ஃபின்காசில் என்ற ஊருக்கருகே ஒரு குதிரைப் பண்ணையில் அதற்கென்றே சில நாள் விழா எடுத்தார்கள். பிறகு அத்தகைய விழாக்கள் ஊருக்கு ஊர் பெருகின. இன்றும் அந்த ஊர்க்காரர்கள் சிறிய கச்சேரிகள் வைத்து, தட்டேந்தி, தங்கள் விழாவுக்குப் பணம் சேர்க்கிறார்கள். கேட்க வருகிறவர்களே வாத்தியத்தோடு வந்து, வண்டிகள் நிறுத்துமிடத்தில் வட்டமாக நின்று வாசிப்பதும் உண்டு. பணக்கார நாட்டில் தட்டேந்துவது கௌரவக் குறைவாக இல்லை. நமக்குத்தான் வள்ளல் வேண்டியிருக்கிறது.

அப்படி வள்ளலுக்காகக் காத்திருப்பது இந்த மண்ணின் வழக்கமா என்றால், அதுவும் இல்லை. விருதுநகர் வியாபாரிகள் சரக்குக்கு இவ்வளவு என்று மகமை பிரித்து, 1889-இல் க்ஷத்திரிய வித்தியாசாலையை எழுப்பினார்கள். வீட்டுக்கு ஒரு பிடி அரிசி எடுத்து அந்தப் பள்ளியை நடத்தினார்கள். காமராஜர் படித்தது அந்தப் பிடியரிசிப் பள்ளியில்தான். பக்கத்து எட்டயபுரத்தில் 1947-இல் திறக்கப்பட்ட பாரதி மணிமண்டபம், கல்கி அவர்கள் பத்திரிகை வாசகர்களிடம் நிதி திரட்டிக் கட்டியது. பள்ளிக்கூடத்துக்கும் மணிமண்டபத்துக்கும் சேர்ந்த பிடியரிசி, பம்பைக்காரனின் கூலிக்கு மட்டும் சேராதா?

கலைஞனை மேடையில் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வெறுங்கையோடு அனுப்புவதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் 'கலைச் சேவை'. சிவகாசியில் 1886-இல் பிறந்த விசுவநாத தாஸை எண்ணிப் பாருங்கள். மேடையில் சுதேசிப் பாட்டுப் பாடிப் பலமுறை சிறை சென்றவர். ஜாதியைக் காரணம் காட்டி அவரோடு சேர்ந்து நடிக்க மறுத்தவர்கள் உண்டு. 1940-ஆம் ஆண்டின் கடைசி நாளன்று, சென்னை நாடக மேடையில் முருகன் வேஷத்தில் மயில் மீது வீற்றிருந்தபடியே உயிர் பிரிந்தது. தியாகி என்று இன்று கொண்டாடுகிறோம். அவருடைய தொழிலைச் செய்கிறவர்களுக்குச் சாப்பாட்டுப் பந்தியில் எந்த இடம் கொடுக்கிறோம் என்பதைப் பொங்கலன்று நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

தலைக்கட்டு வரியைப் புகழ்ந்தேன். அதன் அசிங்கத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும். தமிழ்நாட்டில் எத்தனையோ கிராமங்களில் தாழ்த்தப்பட்டவர்களிடம் வரி வாங்குவதே இல்லை. இரக்கத்தினால் அல்ல, வரி வாங்கினால் பங்கு கொடுக்க வேண்டும், பங்கு கொடுத்தால் கோவிலுக்குள் சரிசமமாக நிறுத்த வேண்டும் என்பதற்காக. பணம் வேண்டாம் என்று ஒதுக்கும் அதே மனிதர்கள் பறையடிக்க மட்டும் ஆள் அனுப்புவார்கள். அது 'ஊர் வழக்கம்' என்பார்கள். வழக்கத்துக்குக் கூலி கிடையாது. அப்படி அடிக்க மறுத்து எழுந்தவர்கள் பட்ட பாடு பத்திரிகைகளில் வந்திருக்கிறது. இசைவிழா என்று நீங்கள் பெயர் சூட்டினாலும், வரி வாங்க மறுக்கிற இடத்தில் எழும்புவது இசை அல்ல, வெட்டி வேலையின் சத்தம்.

2020 பங்குனியில் ஊரடங்கு வந்து கோவில்கள் மூடப்பட்டபோது இந்தக் கலைஞர்களின் ஆண்டு வருமானம் அப்படியே போயிற்று. பங்குனி முதல் ஆடி வரை ஓடி ஓடி வாசித்தால்தான் மீதி மாதங்களில் அடுப்பு எரியும். அந்த வருஷம் தவிலை அடகு வைத்தவர்களிடம், வருஷா வருஷம் அவர்களை அழைத்த கமிட்டிகளில் எத்தனை போய் நின்றன? பெட்டியில் மிச்சப் பணம் இருந்த ஊர்கள் இல்லாமலா போயின?

கமிட்டிக்காரர்களிடம் நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த பொங்கலுக்கு வரவு செலவு நோட்டில் முதல் வரியில் மேளத்தின் சம்பளத்தை எழுதுங்கள். அச்சாரத்தை இன்னிசைக் குழுவுக்குக் கொடுக்கிற அன்றே, அதே கையால், அதே வெற்றிலைத் தட்டில் வைத்துக் கொடுங்கள். ஊரில் உள்ள எல்லாத் தலைக்கட்டுக்கும் ரசீது கிழியுங்கள். தெற்குத் தெருவைத் தாண்டியும் நடங்கள். உபயதாரருக்குப் பொன்னாடை போர்த்துவதை மேளம் ஆரம்பிக்கும் முன்பே முடித்து விடுங்கள். அவர் தாமதமாக வந்தால், வரி கொடுத்தவர்களோடு சேர்ந்து தரையில் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போகட்டும்.