முகப்பு யாருக்கு?

நகராட்சி இணையதளத்தின் முகப்பில் துறைமுகப் படமும் மேயரின் வாழ்த்தும் வேண்டும், உள்ளூர்க்காரர் எப்படியும் தேடிக்கொள்வார் என்ற வாதத்தை ஏற்க முடியாது. பாஸ்டனைப் பாருங்கள். அங்கே ஏராளமான வாடகை ஒப்பந்தங்கள் செப்டம்பர் 1 அன்று மாறுகின்றன. சாமான் லாரிக்குத் தெருவில் இடம் ஒதுக்க நகர அனுமதி வேண்டும். குப்பை எடுக்கும் நாள் தெரிய வேண்டும். தெரு கூட்டும் நேரத்தில் காரை நகர்த்தாவிட்டால் அபராதம். அன்று வந்திறங்கும் மாணவி விருந்தாளியா, குடியிருப்பவளா? இரண்டும்தான். 2016-இல் தளத்தைப் புதுப்பித்தபோது, வீடு மாறுதல் போன்ற தேவைகளை ஒட்டியே அந்நகரம் வழிகாட்டிகளை அமைத்தது. சுற்றுலாப் பயணியும் காரை எங்கே நிறுத்தலாம் என்றுதான் நகராட்சியிடம் கேட்கிறார். துறைமுகத்தை நேரிலேயே பார்த்துக்கொள்வார். அனுமதிப் படிவத்தை முகப்புக்குக் கொண்டுவாருங்கள்.