புளியிட்டு விளக்கிய வரலாறு

பழஞ்செப்புக் காசுகளைச் சேகரிப்போர் பலர் பளபளப்பையே தரமெனக் கொள்கின்றனர். முதலாம் இராசராசன் (985–1014) காசில் ஒருபுறம் நிற்கும் உருவம். மறுபுறம் அமர்ந்த உருவமும் நாகரி எழுத்தில் மன்னன் பெயரும். அதைக் குத்துவிளக்குபோல் புளியிட்டுத் தேய்த்தால் என்ன மிஞ்சும்? மண்ணுள் கிடந்து இறுகிய பச்சைப் படலம் அழுக்கன்று, காப்பு. பொடியாய் உதிரும் வெளிர்பச்சைக் களிம்பு மட்டுமே நோய். அதற்கும் மருந்து புளியன்று. அமிலம் படலத்தோடு எழுத்தின் விளிம்பையும் தின்றுவிடும்.

தேய்மானம், எழுத்துத் தெளிவு, முத்திரை முழுமையாக விழுந்த தன்மை ஆகியவற்றால் காசைத் தரம் பிரிப்பது முறையே. ஆனால் கிடைத்த ஊர் தெரியாத காசு, எத்துணை அழகியதாயினும், பாதி ஊமை. ஆகவே ஊர்ப்பெயருக்கும் மதிப்பெண் வேண்டும் என்பேன். படிப்பதற்கு வசதியென்று ஓலைச்சுவடியைச் சுரண்டுபவரை நாம் பொறுப்போமா? காசும் ஏடுதானே.